ஓடைக்கு வெள்ளையடித்த நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், வாராவாரம் பத்திரிகையில் எழுதுவது எனக்கே சரியாகப் படவில்லை. கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் வாங்கிப் போகட்டும் என்று தள்ளி நிற்கிற ஆள் நான்.

போன வாரங்களில் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதினேன். அவை எனக்குத் தெரிந்த விஷயங்கள். இந்த வாரம் எழுதப்போவது என் மகளின் படிப்பைப் பற்றி. அது எனக்குத் தெரியாத விஷயம். நன்னீர்ச் சூழலியல் என்று அதன் பெயரை எழுதுவதற்கே அவளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். இதில் தப்பு ஏதாவது இருந்தால் அது என்னுடையது. படிப்பினுடையது இல்லை.

வளைவில் வந்த வாசனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டியிருந்த சமயம். பூப்பாறைச் சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு, சின்னக்கானலுக்கு வரும் ஜீப்பில் ஏறி, எங்கள் லயத்துக்குப் பிரியும் வளைவில் இறங்கினேன். பையில் கோழி, சின்ன வெங்காயம், கொஞ்சம் நேந்திரங்காய் சிப்ஸ். மறுநாள் காலையில் மகளின் டீச்சர் வருகிறார். அவருக்காக வாங்கியவை.

வளைவிலிருந்து மேட்டில் ஏற வேண்டும். என் வலது முழங்கால் மேட்டைக் கண்டாலே முனக ஆரம்பித்துவிடும். பாதி ஏறியதும் நின்றேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தேயிலை வாசனை இல்லை, ஈர மண்ணும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்டால் வருமே, அந்த வாசனை. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது.

ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் கல் பரப்பி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு கோலம். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் லயத்துப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் நின்று, தேங்காய் நாரால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ ஜெயா, நில்லு நில்லு! சுண்ணாம்பு காயல, மிதிச்சிராத" என்று பேச்சியம்மா அக்கா கத்தினார். எங்கள் லயத்தில் எதற்கும் முன்னால் நிற்கிறவர் அவர்தான். சாவு வீட்டுக்கும் அவர்தான், கல்யாண வீட்டுக்கும் அவர்தான்.

"என்னக்கா இது?"

"என்னவா? நாளைக்கி உம் மக டீச்சரு வருதாகல்லா. வந்து பாக்கட்டும். இப்படி ஒரு ஓடைய எங்கயாவது பாத்திருக்காகளான்னு சொல்லட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். கரையில் காலியான சாக்கு ஒன்று கிடந்தது. கிணறுகளில் போடுவதற்காகப் பஞ்சாயத்து மெம்பர் எப்போதோ கொடுத்து மிச்சமிருந்த ப்ளீச்சிங் பவுடர். தண்ணீர் பால் கலந்தது போல ஓடிக்கொண்டிருந்தது.

நான் பையைக் கீழே வைத்தேன். எனக்கு வாய் அப்படி. எதையும் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாது.

நான் ஏன் மேலே நடக்காமல் அங்கேயே நின்றுவிட்டேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தண்ணீரில் படிக்க என்ன இருக்கிறது?

வினோதினி எங்களுக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்ததும் லயத்தில் எல்லோரும் நர்சிங் என்றார்கள். நர்சிங் படித்தால் வெளிநாடு போகலாம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு அதுதான் வழி. இவள் விலங்கியல் என்றாள். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

அவளை விடுதியில் விட நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் ஜீப் ஓட்டுகிறவர், சுற்றுலா வருகிறவர்களை மலை காட்டக் கூட்டிப்போவார். பாலக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. குளிரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, இந்தச் சூட்டில் பிள்ளை எப்படித் தூங்குவாள் என்பதுதான் கவலை. விடுதிக் குழாயில் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, இரும்பு ருசியாக இருந்தது. வினோவும் குடித்துவிட்டு, "நம்ம ஓடைத் தண்ணி மாதிரி இல்லல்லம்மா" என்றாள். இப்போது யோசித்தால், அவளுடைய படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது.

அந்தக் கல்லூரியில் ஒரு நாள் கல்பாத்தி ஆற்றுக்குக் கூட்டிப்போய், தண்ணீரில் கல்லைப் புரட்டி அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்களாம். இவள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றிருக்கிறாள். படித்துறையில் துணி பிழிந்துகொண்டிருந்த அக்ரகாரத்து மாமி ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னடி கொழந்தே தேடறே? மோதிரம் விழுந்துடுத்தா?" என்று கேட்டாராம். இல்லை மாமி, பூச்சி தேடுகிறேன் என்றால், "பூச்சியைத் தேடுவாளோ யாராவது? மோதிரம்தான், சொல்ல பயப்படறே" என்று அவரும் சேலையைத் தூக்கிக்கொண்டு தேட இறங்கிவிட்டாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு மோதிரம் தேடுவது என்றே பெயர். லீவில் வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு, "மோதிரம் தேடப் போறேன்ம்மா" என்பாள். திரும்பி வரும்போது அவள் அப்பா, "கிடைச்சுதா? கிடைச்சா ஒரு செயினாப் பண்ணிருவோம்" என்பார்.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. படிப்பு என்ன என்று லயத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், "தண்ணியப் பத்திப் படிக்கிறா" என்று சொல்லிவைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேச்சியம்மா அக்கா கையிலிருந்த டீத் தம்ளரை ஆட்டிக் காட்டி, "தண்ணில படிக்க என்னட்டி இருக்கு? இதுல எழுத்தா மெதக்குது?" என்று கேட்டார். ஆனால் ஊருக்கு வரும்போதெல்லாம் வினோவின் பையில் முறுக்கைத் திணித்து அனுப்புகிறவரும் அவர்தான்.

கல்லுக்கு அடியில்

படிப்பு முடிகிற வருஷத்தில் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். வினோ எங்கள் ஓடையைக் கேட்டு வாங்கினாள்.

யானை இறங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் ஓடைக்குப் போவாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியை மெதுவாக வெள்ளைத் தட்டில் கழுவினாள். கொஞ்சம் மண், ரெண்டு இலைத் துண்டு. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"பொறும்மா. தண்ணி தெளியட்டும்."

தெளிந்ததும் மண்ணில் பாதி நடக்க ஆரம்பித்தது. மூன்று வால் உள்ள பூச்சி ஒன்று. அரிசியைவிடச் சின்னது. மணலைப் பொறுக்கி ஒட்டி, தன் உடம்பைச் சுற்றிக் குழாய் மாதிரி வீடு கட்டிக்கொண்ட புழு ஒன்று. தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. வெட்கப்படுகிற புழு. எனக்கு அதைப் பிடித்துப்போனது.

தண்ணீர் கெட்டால் முதலில் சாவது இவைதான் என்றாள் வினோ. டாக்டர் கண்ணைக் கீழே இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது போல, கல்லைப் புரட்டி இவை இருக்கின்றனவா என்று பார்த்தால் ஓடையின் உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும்.

அவள் மூன்று இடம் வைத்திருந்தாள். தேயிலைக்கு மேலே, காட்டை விட்டு ஓடை வெளியே வருகிற இடம் ஒன்று. எங்கள் லயத்துக்குக் கீழே ஒன்று. ரிசார்ட்டுகளுக்குக் கீழே ஒன்று. மேல் இடம் சுத்தமானது, அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற இரண்டையும் சொல்ல முடியும். கோடையில் ஒரு முறை, மழையில் ஒரு முறை பார்த்தாயிற்று. மழை ஓய்ந்த பிறகு கடைசி முறை. அதைத்தான் டீச்சர் கூட இருந்து பார்க்க வருவதாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. மலை ஓடைகளைக் காப்பாற்றுகிற ஒரு அமைப்பில் வினோவை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆய்வை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கோடைக்குள் சேர வேண்டும் என்று நிபந்தனை. அவள் இத்தனை வருஷம் படித்தது இப்படி ஒரு வேலைக்காகத்தான்.

நானும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அவளுக்கு வேலை என்று ஒன்று வந்தால் கீழே எங்காவது வாடகைக்கு வீடு பார்க்கலாம், நான் கத்திரியைக் கீழே வைக்கலாம். இப்போது கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது, கத்திரியால் வெட்டிச் சேர்க்கிறோம். சாயங்காலம் சாக்கை முதுகில் ஏற்றும்போது முழங்காலில் ஏதோ நறநறக்கும். "இந்தத் தடவையோட முடிஞ்சிரும்மா" என்று வினோ சொல்லியிருந்தாள். அவள் சொன்னது படிப்பை. நான் கேட்டுக்கொண்டது எல்லாவற்றையும் சேர்த்து.

விசிட்

தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு விசிட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும்.

கம்பெனிப் பெரியவர்களோ பெரிய டாக்டரோ வருகிறார்கள் என்று தெரிந்தால், முதல் நாளே எல்லா வேலையும் நின்றுவிடும். லயத்து வாசலைச் செதுக்குவோம். சாக்கடையில் ப்ளீச்சிங் பவுடர் தூவுவோம். பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. கோழிகளைக் கூட அடைத்துவைப்போம். நான் பாவாடை கட்டிய வயதில், விசிட்டுக்காகச் சுண்ணாம்பு அடித்த கல்லில் உட்கார்ந்து, பின்பக்கம் வெள்ளையாகப் பள்ளிக்கூடம் போய் அடிவாங்கியிருக்கிறேன்.

வருகிறவர்கள் ஜீப்பில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் வருகிறவர் முன்னால் அழுக்கு இருக்கக் கூடாது. அது எங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வினோ சொன்னதெல்லாம் ஒரே வரிதான். சனிக்கிழமை சாயங்காலம் பேச்சியம்மா அக்கா வாசலில் நின்று, "பெரியம்மா, திங்கக்கிழமை காலைல எங்க டீச்சர் நம்ம ஓடையப் பாக்க வர்றாங்க" என்றாள். சந்தோஷத்தில் சொன்னாள்.

மறுநாள் அவள், பூச்சிகளைப் போட்டுவைக்கப் பாட்டிலும் ஸ்பிரிட்டும் வாங்க அப்பாவோடு மூணாறு போனாள். நான் சந்தைக்குப் போனேன். பேச்சியம்மா அக்கா ஆட்களைத் திரட்டினார். டீச்சரைக் கூட்டிப்போகிற இடம் மேலே, காட்டோரம் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். கிணற்றில் போடுகிற மருந்துதானே, தண்ணீருக்கு நல்லதுதானே என்று மேலே கொட்டினார்கள். கொட்டியது மூன்று இடத்தையும் தொட்டுக்கொண்டு கீழே போய்விட்டது.

"நல்லாருக்கு பெரியம்மா"

வினோ வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஜீப்பை விட்டு இறங்கியதும் மூக்கைச் சுளித்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் வந்தாள்.

கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, ஓடையில் இறங்கினாள். ஒரு கல்லைப் புரட்டினாள். சாப்பிட்டுக் கழுவிய தட்டு மாதிரி இருந்தது. இன்னொன்றைப் புரட்டினாள். கல் இடுக்கில் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கிக் கிடந்தன. அவள் உள்ளங்கையில் எதையோ எடுத்து வைத்துப் பார்த்தாள். நான் கரையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மணல் வீடு அப்படியே இருந்தது. புழு பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"என்னட்டி, பேச்சே காணும்? நல்லாருக்கா இல்லியா?" என்றார் பேச்சியம்மா அக்கா.

வினோ நிமிர்ந்தாள்.

"நல்லாருக்கு பெரியம்மா."

"அம்புட்டுத்தானா? ஒரு மூட்டை போட்ருக்கோம்ல!"

"கை எரியலயா?"

"எரியத்தான் செய்யும். எரிஞ்சா என்ன, உனக்கு மார்க்கு வாண்டாமா?"

இன்னொருத்தி, "டீச்சர ஒரு சோப்பு எடுத்துட்டு வரச் சொல்லு, குளிச்சிட்டே போகட்டும்" என்றாள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். வினோவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் அப்பா வாசற்படியில் நின்று, "டீச்சர வர வேணாம்னு சொல்லிரவா?" என்றார்.

"எதுக்குப்பா. வந்து பாக்கட்டும்."

"பெரியம்மாகிட்ட நான் சொல்லட்டா?" என்றேன்.

"வேணாம்மா. அவங்க கையப் பாத்தியா நீ? செவந்து போயிருக்கு."

கோழியைச் சமைத்தேன். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டீச்சர் வந்தார்

மூணாற்றில் தங்கியிருந்த டீச்சரை, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மஸ்டருக்கு முன்பே என் வீட்டுக்காரர் ஜீப்பில் கூட்டிவந்தார். ஒல்லியானவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, விசிட்டுக்கு நிற்பது போலவே வரிசையாக நின்றார்கள். பேச்சியம்மா அக்கா தன் வாசலில் பூத்த ரோஜாவை நீட்டினார். கையில் துணி சுற்றியிருந்தது. டீச்சர் பூவை வாங்கிப் பையில் செருகிக்கொண்டார். வெள்ளைக் கற்களைப் பார்த்ததுமே அவர் நடை குறைந்துவிட்டது.

ஓடையில் இறங்கி அவரும் வினோவும் கல்லைப் புரட்டினார்கள். பிறகு டீச்சர் தாழ்ந்த குரலில், "எல்லாம் நசிச்சு போயல்லோ, மோளே" என்றார்.

எங்களுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இடுக்கியில் பிறந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? எல்லாம் நாசமாகிவிட்டதே, மகளே என்கிறார்.

பேச்சியம்மா அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். "என்ன டீச்சர் நசிச்சிப்போச்சு?"

டீச்சர் வினோவைப் பார்த்தார். வினோ தண்ணீரைப் பார்த்தாள். பத்துப் பேர் முன்னால் நான் பேசியதே கிடையாது. அன்று பேசினேன்.

"அக்கா, கல்லுக்கு அடில பூச்சி இருக்கும்லா. அதத்தான் அவ படிக்கா. இப்ப ஒண்ணும் இல்ல. மருந்துல செத்துப்போச்சு."

"பூச்சியா?"

"ஆமாக்கா."

டீச்சர் கரையேறி வந்து அக்காவின் துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டார். "நிங்கள் ஸ்நேகம் கொண்டு செய்ததாணு. எனிக்கு அறியாம், சேச்சி." பாசத்தில் செய்ததுதான், எனக்குத் தெரியும் அக்கா என்கிறார்.

"ஸ்நேகம் கெடக்கட்டும் டீச்சர். புள்ள பாசாவாளா மாட்டாளா?"

"பாஸாகும். பக்ஷே இப்போ இல்ல."

டீச்சர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். உயிர் திரும்பி வராமல் இங்கே எடுக்கிற எதையும் கணக்கில் சேர்க்க முடியாது. காட்டுக்குள் மேலே பூச்சிகள் மிச்சமிருக்கும், அவை மெல்ல இறங்கி வரும். வாராவாரம் பார்க்க வேண்டும். வந்த பிறகும் கடைசி முறையை இன்னொரு மழை முடிந்துதான் செய்ய வேண்டும்.

"அப்பம் அந்த வேல?" என்றார் அக்கா. அமைப்பில் வேலை கிடைத்ததற்கு லயம் முழுக்க மிட்டாய் கொடுத்திருந்தோம். எல்லோருக்கும் தெரியும்.

வினோ புரட்டிய கல்லைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள். அதுவே பதிலாக இருந்தது.

இன்னொரு மழை என்று டீச்சர் சொன்னபோது நான் என் முழங்காலைத்தான் நினைத்தேன். மகளை நினைக்கவில்லை. களைப்பு அப்படிப்பட்டது.

பேச்சியம்மா அக்கா என்னிடம் திரும்பினார். குரல் ஏறவில்லை. "பூச்சின்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல ஜெயா. தண்ணி தண்ணின்னே சொன்னிய. கேட்டா வெளங்காத ஜென்மமா நாங்க?"

மஸ்டருக்கு மணி அடித்தது. கீழே வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவர் முதலில் நடந்தார். மற்றவர்கள் நல்ல சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். சேலை மாற்ற நேரமில்லை. அன்று முழுவதும் பச்சைக்கு நடுவில் விசிட் சேலைகளோடு கொழுந்து எடுத்தோம். யாரும் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள்

மறுநாள் காலையில் தூறல் இருந்தது. பாதையோரக் கற்களிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கியது. வினோ அந்த அமைப்புக்குப் போன் செய்து, சொன்ன தேதிக்குள் சேர முடியாது என்று சொன்னாள். சரி, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போனேன். கையில் கொப்புளம் என்று பேச்சியம்மா அக்கா வரவில்லை.

சாயங்காலம் நான் திரும்பியபோது வினோவின் தட்டு வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பெரியம்மா கரையில உக்காந்திருந்தாங்கம்மா, நா போனதுலருந்து வர்ற வரைக்கும்" என்றாள். "ஒண்ணும் பேசல."

சாக்கு அழுத்திய தோளைத் தேய்த்துக்கொண்டே, மோதிரம் கிடைத்ததா என்று கேட்டேன்.

இல்லை என்றாள்.